ஒல்லாந்தர் நெடுந்தொகைகளும் நம் செவியும்

சொல்லோடு சொல்லைச் சேர்த்துப் புதுச்சொல் ஆக்கும் வழக்கம் மொழிகள் பலவற்றிற்கும் பொதுவானதே. ஆயினும், சேர்த்தவற்றை இடையில் வெளி சிறிதும் விடாது ஒரே சொல்லாக எழுதியே தீர்வது என்னும் பிடிவாதம் சில மொழிகளுக்கே உரியது. ஒல்லாந்தரது டச்சு மொழி அவற்றுள் ஒன்று. யாம் வாழும் கே.கே. நகரில் தொழிலாளர்க்கென இ.எஸ்.ஐ. மருத்துவமனை ஒன்று உள்ளது. உழைப்பவன் நோயுற்று உழைக்க இயலாதபோது காப்பீடு அவனைத் தாங்கவேண்டும் என்பதே அத்தகைய நிறுவனங்களுக்கு அடிப்படை. இயலாமைக் காலத்திற்குரிய இவ்வகைக் காப்பீட்டிற்கு டச்சு மக்கள் வழங்கும் பெயர் ‘அர்பைட்ஸ்ஒன்கெஸ்கிக்ட்ஹைட்ஸ்வெர்ஸேகெரிங்’ என்பது. அவர்தம் எழுத்தில் அது 33 எழுத்துக்கள் கொண்ட ஒரே சொல். நாமோ மூன்று முழுச்சொற்களுக்கு மூன்று எழுத்துக்களை இட்டு ‘இ.எஸ்.ஐ.’ என்று முடித்துவிடுகின்றோம். கலைஞர் கருணாநிதி நகரையும் அவ்வாறே ‘கே.கே.’ ஆக்கிவிட்டோம். நீளத்தைக் கண்டு அஞ்சுபவர் யார், அஞ்சாதவர் யார் என்பது இதனாலேயே விளங்கும்.

இத்துணை நீண்ட சொல்லை மூச்சு முட்டாமல் ஒரு டச்சுச் சிறுவன் சொல்லிவிடுகின்றான். எங்ஙனம்? அச்சொல்லை அவன் எங்கே பிரிக்கின்றான், எங்கே அழுத்துகின்றான் என்னும் இரண்டுமே அதற்கு விடையாம். இவ்விரண்டையும் தமிழ் இலக்கணம் பயில்வார் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் பெயர்களைக் காண்போம். ஆங்கிலத்தில் ‘சிலபிள்’ எனப்படுவதை டச்சு மொழியினர் ‘லெட்டர்க்ரேப்’ என்பர். ‘லெட்டர்’ என்பது எழுத்து. ‘க்ரேப்’ என்பது கைப்பிடி. ஒரு பிடியில் அகப்படும் எழுத்துக்கள் என்பது பொருள். அழகிய பெயர், ஆகவே யாமும் இனி அதனை ‘எழுத்துப்பிடி’ என்றே வழங்குவோம். அதனை ‘அசை’ என்று கூறாமைக்கும் காரணம் உண்டு. நம் யாப்பு நூலார் கூறும் நேரசை ஒரு பிடியே எனினும், நிரையசையுள் இரண்டு பிடிகள் அடங்கும். ‘மழை’ என்பது நமக்கு ஓரசை. ஒல்லாந்தர் கணக்கிலோ இரு பிடி. இனி, அழுத்தத்தை அவர்கள் ‘க்ளெம்டோன்’ என்பர். இறுகப் பற்றிய தொனி என்பது அதன் பொருள். மேற்கூறிய காப்பீட்டுச் சொல்லில் எழுத்துப்பிடிகள் பத்து: அர்-பைட்ஸ்-ஒன்-கெ-ஸ்கிக்ட்-ஹைட்ஸ்-வெர்-ஸே-கெ-ரிங். இறுகப் பற்றும் இடமோ ஒன்றே. அது முதலில் நிற்கும் ‘அர்’.

பிரிக்கும் முறைக்கு முதல் விதி எளியது. தொகைச்சொல் எந்தெந்தச் சொற்களால் ஆயதோ, அவை கூடும் பொருத்துவாயில் முதற்கண் பிரித்தல் வேண்டும். அதன்பின்னரே ஒவ்வோர் உறுப்பினையும் உள்ளே பிரித்தல் வேண்டும். உறுப்பினுள், இரண்டு உயிர்களுக்கு இடையே ஒரு மெய் நின்றால் அது அடுத்த பிடியைச் சாரும்; இரண்டு மெய் நின்றால் பெரும்பாலும் ஆளுக்கொன்றாகப் பங்கிடப்படும். அச்சுக்கோப்போர் வரியிறுதியில் சொல்லை முறிக்கும்போதும் இதனையே பின்பற்றுவர். எனவே, சொல்லின் பொருள் அறியாதவர்க்கு அதனைப் பிரிக்கவும் இயலாது. இதுவே டச்சு கற்போர் இடறும் முதற் கல்.

எடுத்துக்காட்டு ஒன்று காட்டுவோம். ‘டைக்ரம்ப்’ என்று ஒரு சொல். கடல் நீரைத் தடுக்கும் கரைக்கு ‘டைக்’ என்று பெயர். ‘ரம்ப்’ என்பது பேரிடர். டைக்-ரம்ப் எனப் பிரித்தால் கரை உடைந்த பேரிடராம். 1953-ஆம் ஆண்டு பெப்ரவரி முதல் நாள் வடகடல் பொங்கிக் கரைகள் உடைந்து அந்நாட்டில் 1836 பேர் மாண்டனர். அம்மக்களுக்கு அச்சொல் எத்துணை அச்சந்தருவது என்று சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் அதே எழுத்துக்களை ஓர் எழுத்து முன்னே நகர்த்தி டை-க்ரம்ப் எனப் பிரித்துப் பாருங்கள். ‘டை’ என்பது தொடை. ‘க்ரம்ப்’ என்பது தசைப்பிடிப்பு. ஊரை அழித்த வெள்ளம் ஓட்டக்காரன் தொடைவலி ஆகிவிடுகின்றது! ‘க்வர்ட்ஸ்லாகென்’ என்னும் சொல்லும் இத்தகையதே. க்வர்ட்-ஸ்லாகென் என்றால் கால்வட்டத் திருப்பங்கள். க்வர்ட்ஸ்-லாகென் என்றால் பளிங்குக்கல் படலங்கள்.

இவற்றைப் படித்தபோது எமக்குப் புதுமை தோன்றவில்லை. பழகிய முகமே தோன்றிற்று. தொல்காப்பியர் புணரியலின் இறுதியில், எழுத்து வகையால் வேறுபாடின்றிப் பொருள் வகையால் வேறுபடும் புணர்ச்சிகள் உண்டு என்றும், அவை இசை வேறுபாட்டால் பிரித்து உணரப்படும் என்றும் கூறுகின்றார். உரையாசிரியர்கள் அதற்குக் காட்டும் உதாரணங்கள் நம் வகுப்பறைகளில் வழிவழியாக வருவன. ‘செம்பொன்பதின்றொடி’ என்பதைச் செம்பொன் பதின்றொடி எனப் பிரித்தால் பொன்வளை பத்து. செம்பு ஒன்பதின்றொடி எனப் பிரித்தால் செப்புவளை ஒன்பது. பொன் செம்பாகி, எண்ணிக்கையிலும் ஒன்று குறைந்துவிடுகின்றது. கொள்வோன் கதி என்னாவது? ‘குன்றேறாமா’ என்பதில் குன்றில் ஏறும் காட்டுப்பசுவும், குன்றில் ஏறாத விலங்கும் ஒரே எழுத்துக்களுக்குள் ஒளிந்து நிற்கின்றன. இதன் அடுத்த நூற்பாவில் ஆசிரியர், இவை பேசுவோன் குறிப்பால் உணரத்தக்கனவேயன்றி, எழுத்திலக்கணத்தால் இன்னவாறு என வரையறுக்கத் தக்கன அல்ல என்கின்றார். காதால் அறிவதைக் கண்ணால் அறிய வழியில்லை என்று ஓர் எழுத்திலக்கண நூலே ஒப்புக்கொள்ளும் இடம் இது.

இத்தகைய மயக்கத்திற்கு நூலகம் செல்ல வேண்டுவதும் இல்லை. எங்கள் பகுதிக் கடைவீதியிலே ‘பல்பொருள் அங்காடி’ என்றொரு பலகையும், சற்றுத் தள்ளிப் ‘பல் மருத்துவமனை’ என்றொரு பலகையும் இருக்கும். அதற்கும் அப்பால் ‘பல்துறை மருத்துவமனை’. முதலதிலும் மூன்றாவதிலும் ‘பல’ என்பதன் குறுக்கம். நடுவில் நிற்பது மட்டும் வாயில் உள்ள பல். எழுத்து ஒன்றே. நாம் தடுமாறுவதில்லை என்றால், அதற்குக் காரணம் பழக்கமேயன்றி எழுத்தன்று.

நிற்க. அழுத்தத்திற்கு வருவோம். டச்சுப் பெயர்த்தொகைகளில் தலைமை அழுத்தம் பெரும்பாலும் முதல் உறுப்பின்மீதே விழும். மூன்று நான்கு உறுப்புக்கள் கூடினும் இதுவே பொதுவிதி. முன்னது முழங்க, பின்னவை தத்தம் சிற்றழுத்தத்தோடு அடங்கி நடக்கும். ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கும்பெனி 1602-இல் தோன்றியது. (அதன் முதலெழுத்துக்களைச் சேர்த்தால் ‘வி.ஓ.சி.’ ஆகும்! வெள்ளையர் கப்பலுக்கு எதிர்க்கப்பல் விட்ட நம் சிதம்பரனாரும் ஆங்கில எழுத்தில் வி.ஓ.சி.யே என்பது நினைக்க நகை தருவது.) அக்கும்பெனியில் மேல்நிலை வணிக அலுவலர்க்கு ‘ஒப்பெர்கோப்மன்’ என்று பட்டம். ஒப்-பெர்-கோப்-மன் என நான்கு பிடி. ‘கோப்மன்’ என்றால் வணிகன். ‘ஒப்பெர்’ என்றால் மேலான. அழுத்தம் ‘ஒப்’ மீது. அவருக்குக் கீழ்ப்பட்டவர் ‘ஒன்டெர்கோப்மன்’. அங்கே அழுத்தம் ‘ஒன்’ மீது. பட்டத்தின் மேலும் கீழும் முதற்பிடியிலேயே தெரிந்துவிடும்.

இதே ‘ஒப்பெர்கோப்மன்’ என்பதை நாம் அலகிட்டால் என்ன ஆகும்? நேர் நேர் நேர் நேர், தேமாந்தண்பூ. நான்கசையும் தம்முள் ஒப்பாரும் மிக்காரும் இன்றி நிற்கும். இங்கேதான் இரு மொழிகளின் இயல்பும் வேறுபடுகின்றன. நம் யாப்பு குறில் நெடில் என்னும் மாத்திரை வேற்றுமையையும், ஒற்றடுத்தலையும் அளவுகோலாகக் கொண்டது. எந்த அசை உரத்து ஒலிக்கின்றது என்பது பற்றி அதற்குக் கவலையில்லை. தமிழில் அழுத்தத்தை இடம் மாற்றுவதால் ஒரு சொல்லின் பொருள் மாறிவிடாது. டச்சிலோ மாறிவிடும். ‘வோர்கோமென்’ என்பதில் ‘வோர்’ என்பதை அழுத்தினால் ‘நிகழ்தல்’. ‘கோ’ என்பதை அழுத்தினால் ‘நிகழாது தடுத்தல்’. நேர்மாறான இரு பொருள்களுக்கு இடையே நிற்பது ஓர் அழுத்தம் மட்டுமே. ‘வோர்நாம்’ என்பதும் அவ்வாறே. முதலை அழுத்தினால் ஒருவர்க்கு இட்ட முதற்பெயர்; ‘நாம்’ என்பதை அழுத்தினால் மேன்மை பொருந்திய என்பது பொருள். (இந்த ‘நாம்’ பெயரைக் குறிப்பது, வடமொழி ‘நாமம்’ என்பதற்கு உறவுமுறை ஆவது.)

பொதுவிதிக்கு விலக்குக்களும் உண்டு. ‘ஸ்டட்ஹைஸ்’ என்பது நகரமன்றம்; ‘பர்கெமேஸ்டெர்’ என்பது நகரத்தலைவர். முறைப்படி முதலில் விழவேண்டிய அழுத்தம் முன்னதில் ‘ஹைஸ்’ மீதும், பின்னதில் ‘மேஸ்’ மீதும் விழுகின்றது. இவற்றை மனப்பாடம் செய்துகொள்ள வேண்டியதுதான். பிரிப்பும் அழுத்தமும் ஒருங்கே மாறும் சொற்களும் உள. ‘மஸ்ஸகெபெட்’ என்பது போன்று எழுதப்படும் ஒன்றில், முதற்பிடியை அழுத்தி மஸ்ஸ-கெபெட் என்றால் மக்கள் திரளாய்க் கூடிச் செய்யும் ஜெபம். இரண்டாம் பிடியை அழுத்தி மஸ்ஸாஷ-பெட் என்றால் உடம்பு பிடித்துவிடுதற்குரிய கட்டில். ஆலய அறிவிப்புப் பலகையில் இதனை எழுதுவோர் சற்று விழிப்பாய் இருத்தல் நலம்.

இனி, யாம் எதிர்பாராது கண்ட ஓர் ஒற்றுமை. டச்சில் ‘மன்’ என்றால் மனிதன். பன்மையில் ‘மன்னென்’ என நகர ஒற்று இரட்டும். ‘மான்’ என்றால் நிலவு, பன்மையில் ‘மானென்’, அங்கே இரட்டுவதில்லை. இதனைக் கண்டவுடன் நன்னூல் நினைவுக்கு வாராதவர் தமிழ் பயின்றவர் ஆகார். தனிக்குறிலை அடுத்த ஒற்று, முன் உயிர் வர இரட்டும் என்பதன்றோ நம் விதி? கல் + ஐ = கல்லை; கால் + ஐ = காலை. உடன்பிறந்தவை போல் தோன்றும் இவ்விரு விதிகளும் உள்ளியல்பால் வேறானவை. நாம் ‘கல்லை’ என்னும்போது லகரத்தை உண்மையாகவே இரட்டித்து ஒலிக்கின்றோம். ஒல்லாந்தர் ‘மன்னென்’ என்பதில் நகரத்தை இருமுறை எழுதுவரேனும் ஒருமுறையே ஒலிப்பர். முன்னின்ற உயிர் குறில் என்று காட்டுதற்கு இட்ட அடையாளமே அவ்விரண்டாம் ஒற்று. நமக்கு அது ஒலி. அவர்க்கு அது குறி.

பொருத்துவாயில் அவர்களும் சாரியை இடுவர். காப்பீட்டுச் சொல்லில் ‘அர்பைட்’ என்பதற்குப் பின்னும் ‘ஹைட்’ என்பதற்குப் பின்னும் நிற்கும் ஸகரங்கள் எவ்வுறுப்பிற்கும் உரியன அல்ல. ‘மரத்துக்கிளை’ என்பதில் ‘அத்து’ நிற்பது போல இடையே நின்று இணைப்பன. ‘என்’ என்பது மற்றொரு சாரியை. இதில் உள்ள நகரம் பேச்சில் பெரும்பாலும் ஒலிப்பதில்லை; ஆகவே அதனை எழுதுவதா விடுவதா என்பதில் நெடுநாள் வழக்கு இருந்தது. 1995-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தில், சட்டியில் வார்க்கும் அப்பத்தின் பெயராகிய ‘பன்னெகூக்’, ‘பன்னென்கூக்’ ஆக மாறியது. உண்பவர்க்குச் சுவை மாறவில்லை.

மேற்கூறியவற்றினும் எமக்கு முதன்மையாகத் தோன்றுவது வேறொன்று. பொருத்துவாய் எங்குள்ளது என்பது, அதன் இருமருங்கும் நிற்கும் மெய்களின் வன்மை மென்மையையும் மாற்றிவிடும். டச்சில் பிடியின் இறுதியில் நிற்கும் மெலிந்த டகரம் வலிந்து ஒலிக்கும். ‘ஆர்ட்’ என்றால் மண். அதன் இறுதி வலிந்ததே. ‘அப்பெல்’ என்றால் ஆப்பிள். இரண்டும் கூடி ‘ஆர்டப்பெல்’, மண்ணில் விளையும் ஆப்பிள். அஃதாவது நம் உருளைக்கிழங்கு. அச்சில் முறிக்கும்போது ஆர்ட்-அப்-பெல் என்றே முறிப்பர்; ஆனால் இன்றைய ஒல்லாந்தர் பேச்சில் அந்த டகரம் அடுத்த பிடிக்குத் தாவி மெலிந்தே ஒலிக்கின்றது. நெடுநாட் பழக்கத்தால் இரண்டு சொற்கள் என்னும் நினைவே மறைந்து, தையல் தெரியாத ஆடை போல் ஆயிற்று. ஆயின் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்ற கிளைமொழியில் அது வல்லெழுத்தாகவே எழுதப்பட்டு வருகின்றது. ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்த இலங்கையின் சிங்களத்திலும் ‘அர்த்தாபல்’ என வல்லொலியே நிற்கின்றது.

தமிழிலும் இது நிகழ்கின்றது என்பதை நாம் கவனிப்பதில்லை. ‘நான்கு’ என்று சொல்லிப் பாருங்கள்; னகரத்தை அடுத்த ககரம் மெலிந்து ஒலிக்கும். ‘மின்கட்டணம்’ என்று சொல்லிப் பாருங்கள். அதே னகரத்தை அடுத்த அதே ககரம் வலிந்து ஒலிக்கும். எழுத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை. முன்னது ஒரு சொல்லாய் ஒட்டி நிற்க, பின்னதில் மின் என்பதற்கும் கட்டணம் என்பதற்கும் இடையே பொருத்துவாய் உண்டு என்பதை நம் நா அறிந்திருக்கின்றது.

இது வெறும் இலக்கண விளையாட்டன்று. எம் வகுப்பில் பார்வையற்ற நண்பர் ஒருவர் உளர். பாடநூல்களையும் உரைகளையும் கைப்பேசியின் இயந்திரக் குரல் வழியாகவே கேட்டுப் பயில்கின்றார். அக்குரல் எழுத்தை அறியும். பொருத்துவாயை எப்பொழுதும் அறிவதில்லை. மின்கட்டணத்தை நான்கின் ககரத்தோடு ஒலிக்கும். நிறுத்த வேண்டாத இடத்தில் நிறுத்தி, நிறுத்த வேண்டிய இடத்தை விழுங்கிவிடும். “எழுத்துப் பிழையை நான் பொறுத்துக்கொள்வேன், தொகையைத் தவறாய் உடைத்தால்தான் ஒரு வரியை மூன்று முறை கேட்க வேண்டியிருக்கிறது” என்று அவர் ஒருநாள் சொன்னார். பழைய உரை ஒன்றை யாம் ஒரு மணியில் படித்தால் அவர்க்கு மூன்று மணி ஆகின்றது. தேர்வுக் காலத்தில் அவ்விரண்டு மணிக்கு என்ன விலை என்பதை மாணவர் அறிவர். தொகைகளைப் பிரித்துக் காட்டும் அகராதி ஒன்று தமிழுக்கு எத்துணை விரிவாய் அமைகின்றதோ, அத்துணைக்கு அக்குரல் திருந்தும். டச்சு அகராதிகள் சொல்தோறும் பிடிகளைப் புள்ளியிட்டுப் பிரித்தும் அழுத்தத்தைக் குறித்தும் காட்டுவது அவர்க்குக் கிடைத்த பேறு.

ஒல்லாந்தர் நமக்கு அயலார் அல்லர் என்பதையும் கூறவேண்டும். சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில் அவர்கள் 1613-இல் கெல்ட்ரியாக் கோட்டையைக் கட்டினர். 1632 முதல் பத்தாண்டுகள் அங்கே குருவாக இருந்த ஆபிரகாம் ரொகேரியுஸ், பத்மநாபன் என்னும் அந்தணரிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு எழுதிய நூல் 1651-இல் லெய்டனில் வெளியாயிற்று. அவர்தம் கல்லறைகள் இன்றும் அங்கே டச்சு எழுத்துக்களோடு நிற்கின்றன. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் ஒல்லாந்தர் கைப்பட எழுதிய ஏடுகள் பல உள்ளன. அக்காலத்தார் ஒரே தொகையைச் சேர்த்தும் பிரித்தும் இடைக்கோடிட்டும் தத்தம் மனம்போல் எழுதினர் ஆதலின், அவற்றைப் படிப்பவர்க்குப் பொருத்துவாய் அறியும் பயிற்சி இன்றியமையாதது.

நம் தொகைப்பெயர்கள் அவர்கள் வாயிற் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. பழ+வேல்+காடு, ‘பலியகட்டெ’ ஆயிற்று. சதுரங்கப்பட்டினம் ‘சத்ராஸ்’ எனக் குறுகியது. பொருத்துவாய்கள் எல்லாம் போயின. நாமும் வாளா இருந்தோமில்லை. அவர்களது ‘கக்ஹைஸ்’ (கழிக்கும் வீடு) நம்மிடம் ‘கக்கூசு’ ஆயிற்று. ஹகரம் மறைந்து ககரம் இரட்டிப் பொருத்துவாயை மூடிவிட்டது. இன்று அதில் ‘வீடு’ இருப்பதை எவர் அறிவார்? ‘ஹைஸ்’ என்பதன் பழைய ஒலி ‘ஹூஸ்’ என்பதை ஒத்தது. சேலாந்துப் பக்கத்துப் பேச்சில் இன்றும் அவ்வாறே. நம் ‘கூசு’ அப்பழைய ஒலியோடு பொருந்துகின்றது.

இவ்வாறு வந்த சொற்களை அலகிட்டு நோக்குங்கால் ஒரு முறைமை புலப்படுகின்றது. ஈழத்தில் ஆவணம் உறுதி செய்வோரை ‘நொத்தாரிசு’ என்பர், டச்சில் ‘நோடாரிஸ்’. அங்கே அழுத்தம் ‘டா’ மீது. எழுத்தின்படி நெடிலாக வேண்டிய ‘நோ’, அழுத்தம் இன்மையால் நம் செவிக்குக் குறிலாய்க் கேட்டு ‘நொத்’ ஆயிற்று. அழுத்தம் பெற்றது ‘தா’ என நெடிலாகவே நின்றது. அலுவலகத்தைக் குறிக்கும் ‘கன்டோர்’ என்பதில் அழுத்தம் பின்னதில். ‘கந்தோர்’ என ஈழத்து முதியோர் வழங்குவதில் நெடிலும் பின்னதில். அவரையினத்தைக் குறிக்கும் ‘போன்ட்யெ’ என்பதில் அழுத்தம் முன்னதில். ‘போஞ்சி’யில் நெடிலும் முன்னதில். மேசையின் இழுப்பறையாகிய ‘லாட்யெ’ என்பது ‘லாச்சி’ ஆனதும் அவ்வாறே. கக்கூசில் மட்டும் தலைமை அழுத்தம் முதலில் இருக்க நெடில் பின்னே நிற்கின்றதே எனின், அது தொகைச்சொல் ஆதலின் இரண்டாம் உறுப்பும் தன் சிற்றழுத்தத்தை இழக்கவில்லை என்க. அழுத்தத்தை எழுத நம்மிடம் குறியில்லை. கேட்டவர்கள் அதனை மாத்திரையாக மாற்றி எழுதிக்கொண்டனர். நொத்தாரிசு என்னும் சொல் இன்றும் இலங்கைச் சட்டத்தமிழில் அதே நெடிலோடு வழங்கி வருகின்றது.